கடைமடைக்கு நெட் வராத நாள்

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வெள்ளகோவிலுக்குத் தெற்கே தோட்டத்தில் இருக்கும் மாமா காலை ஆறரைக்கே போன் செய்தார். "நெட் செத்துப்போய்விட்டது, மாப்பிள்ளை. மெயிலும் வரவில்லை. கரூர்க்காரர் டிசைன் அனுப்பியிருப்பார். பன்னிரண்டு மணிக்குள் பார்த்துச் சொன்னால்தான் நாளைக்குத் தறி ஓட்ட முடியும்" என்றார். என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது என்றார். அந்த 'எல்லாம்' என்ன என்று கேட்கக் கேட்கத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நெட் கொடுக்கும் மோடம் பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறார், சரி. ஒயர்களைக் கழற்றி மாட்டியிருக்கிறார், போகட்டும். கடைசியில், பெட்டியின் பின்னால் சின்னதாக ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டு, அத்தையின் சேலையில் இருந்த ஊக்கை வாங்கி உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தியிருக்கிறார்.

ஈரோட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தே தலை நரைத்தவன் நான். சொந்தபந்தம் முழுவதற்கும் இலவச லைன்மேன். 'நெட் வரவில்லை' என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், முதலில் வந்த பழுது சின்னதாகவும், அதைச் சரிசெய்கிறேன் என்று நாமே வைத்துக்கொண்ட பழுது பெரியதாகவும் இருக்கும். பார்க்கும் முன்பே தொட்டுவிடுகிறோம்.

மாமாவுக்கு இதைச் சொல்ல பி.ஏ.பி. வாய்க்கால்தான் கைகொடுத்தது. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்து விடப்படுகிறது. முறை வந்தும் வெள்ளகோவில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், மாமா தன் காட்டில் நின்று வரப்பைக் கொத்திக்கொண்டிருக்க மாட்டார். டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே மேலே போவார். இந்த மடையில் தண்ணீர் இருக்கிறதா? இதற்கு மேல் ஷட்டரில்? எதுவரை வந்திருக்கிறது, எங்கே நின்றது என்று தெரிந்த பிறகுதான் யாரிடம் சண்டைக்குப் போவது என்றே முடிவாகும்.

நெட்டுக்கும் இதே கரைதான். கம்ப்யூட்டர், அதிலிருந்து வைஃபையோ ஒயரோ, பிறகு பெட்டி, பெட்டியிலிருந்து வெளியே போகும் கேபிள், கேபிள்காரரின் அறை, இணைய நிறுவனம், அதற்கப்பால் வெளியுலகம். மெயில் அந்த வெளியுலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் இன்னொரு கணக்கு. இதில் எந்த மடையில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெட்டியில் எரியும் விளக்கைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"பெட்டியில் என்னென்ன விளக்கு எரிகிறது?" என்று மாமாவிடம் கேட்டேன். "ஒன்று சிவப்பாக மின்னுகிறது" என்றார். அதன் கீழே எல்.ஓ.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை என்பதற்கான விளக்கு அது.

இங்கே கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கில் நெட் ஏன் இப்படி அறுந்து அறுந்து வருகிறது என்பதற்கு நம் குடியிருப்பு முறையும் ஒரு காரணம். தஞ்சைப் பக்கம் வீடுகள் தெருத்தெருவாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வயல் ஊருக்கு வெளியே. நம் பக்கம் கிணற்றை நம்பிய வெள்ளாமை. கிணறு எங்கேயோ அங்கேயே களம், அங்கேயே கட்டுத்தறி, அங்கேயே வீடு. ஊர் என்பது கோவிலும் கடைகளும் நாலு தெருவும். குடும்பங்கள் பலவும் இருப்பது தோட்டங்களில். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஒரு கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். மாடு மேய்க்க இது எவ்வளவு சௌகரியமோ, கம்பி இழுக்க அவ்வளவு கஷ்டம்.

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக்காக ஏற்கெனவே இழுத்திருந்த செம்புக் கம்பியிலேயே அது வந்தது. செம்பில் ஓடும் அந்தச் சமிக்ஞை எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப்போகத் தேயும். ஊருக்குள் இருப்பவருக்கு நன்றாக வந்த இணைப்பு, நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த தோட்டத்துக்கு வருவதற்குள் நூலாகிவிடும். கோடைமழைக்கு முன்னால் விழும் இடி அதே கம்பி வழியே வீட்டுக்குள் வந்து மோடத்தைக் கருக்கிவிட்டுப் போனதும் உண்டு. மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதல் வேலையாக போன் ஒயரைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னமும் இருக்கிறது.

ஃபைபர் வந்து இந்தத் தூரக் கணக்கை மாற்றியது. கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. 20 கிலோமீட்டர் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஒளியின் பாதை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் வீட்டுக்கு இழுக்கும் கேபிளில் இழுவிசை தாங்குவதற்காகப் பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே ஓடும், ஆகவே இடிக்கு முழுப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒளி ஓடும் உள்மையத்தின் குறுக்களவு வெறும் 9 மைக்ரான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். இத்தனை மெல்லிய பாதையைத்தான் நாம் கிளுவை வேலி ஓரமாக, வெள்வேல மரத்துக்கு வெள்வேல மரம் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கட்டி ஒரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் கொடுக்கிறது. அதே காற்று தென்னை மட்டையைக் கேபிளின் மேல் தள்ளுகிறது, மரத்தோடு கேபிளையும் போட்டு ஆட்டுகிறது. மரம் ஆடும்போது கட்டிய இடத்தில் கேபிள் மடங்கி மடங்கி நிமிரும். கண்ணாடி இழை இழுப்பைக்கூடக் கொஞ்சம் தாங்கும், மடிப்பைத் தாங்காது. கூர்மையாக மடிந்த இடத்தில் ஒளி திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். கேபிள் அறுந்திருக்காது, பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நெட் இருக்காது. வைக்கோல் ஏற்றிய லாரி தோட்டத்து வாசலில் தாழ்ந்து தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போவது தனிக்கதை. அதைக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

கேபிள்காரர் கையில் கொண்டுவரும் சின்ன மீட்டரில் மைனஸ் போட்டு ஓர் எண் வரும். அதை எட்டிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 18, 20 என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைனஸ் 27ஐ ஒட்டி வந்தால் பெட்டி தடுமாறத் தொடங்கும். 20க்கும் 27க்கும் ஏழுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு மூன்றுக்கும் ஒளி பாதியாகிறது. பத்து என்றால் பத்தில் ஒரு பங்கு. 'காற்று அடித்தால் போகிறது, நின்றால் வருகிறது' என்கிற புகார்களில் பல இந்த 27 ஓரத்தில் நிற்கும் வீடுகளிலிருந்து வருபவை. எங்கோ ஒரு மடிப்பு, அல்லது முனையில் ஒரு தூசு. பெட்டியில் சொருகும் அந்தப் பச்சை நிற முனையைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். 9 மைக்ரான் வாசலுக்கு முன்னால் ஒரு நூல்பிசிறு போதும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியாது என்பதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்றாகாது.

ஆக, எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. கேபிள்காரருக்குப் போன் செய்து 'நெட் வரவில்லை' என்று சொன்னால், 'பெட்டியை அணைத்துப் போடுங்கள், பார்க்கலாம்' என்பார். 'எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது, காற்றுக்குப் பிறகு போயிற்று' என்று சொல்லிப் பாருங்கள். ஏணியோடு வருவார்.

மாமாவின் முதல் பழுது இது. இரண்டாவது, அத்தையின் ஊக்கு.

பெட்டியை அணைத்துப் போடுவது வேறு, அந்த ஓட்டைக்குள் அழுத்துவது வேறு. அணைத்துப் போட்டால் பெட்டி தூங்கி எழுந்த மாதிரி. தன் பெயரை மறக்காது. ஓட்டைக்குள் அழுத்தினால் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கே திரும்பிப் போய்விடும். வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் போகும் என்பதாவது பலருக்குத் தெரியும். பல இணைப்புகளில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள்தான் எழுதப்பட்டிருக்கும். அதுவும் சேர்ந்து அழியும். கேபிளை ஒட்டிய பிறகும் நெட் வராது, கேபிள்காரர் தன் வேலை முடிந்தது என்று போய்விட்டிருப்பார். இணைப்புக் கொடுத்த அன்றே அந்தப் பயனர் பெயரை வாங்கி, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பவர் புத்திசாலி.

விளக்கு எதுவும் சிவப்பாக இல்லை, ஆனால் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது என்றால் கரண்டைச் சந்தேகப்படுங்கள். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தக் கறுப்பு அடாப்டர் இரண்டு மூன்று வருடத்தில் உள்ளுக்குள் தளர்ந்துவிடும். விளக்கு எரியும் அளவுக்குக் கொடுக்கும், நாலு பேர் வீடியோ பார்க்கும் அளவுக்குக் கொடுக்காது. பெட்டி தானே அணைந்து தானே எழும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள இன்னொன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனதும் நெட் போகிறதா? நடுவில் கேபிள்காரர் ஏதாவது ஒரு கடையிலோ கம்பத்திலோ வைத்திருக்கும் கருவிக்கு இன்வெர்ட்டர் இல்லை என்று பொருள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று நீங்கள் வீட்டில் என்ன வைத்திருந்தாலும் அதற்குப் பதில் கிடையாது.

பெட்டி வரைக்கும் நெட் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை என்றால் கரையின் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டோம். இதைச் சோதிக்க எளிய வழி, கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது. டேட்டாவை அணைக்காமல் பார்த்துவிட்டு 'போனில் வருகிறதே' என்று சொல்பவர்களால் நான் இழந்த மணிநேரங்களைக் கூட்டினால் ஒரு கிணறு வெட்டியிருக்கலாம். கைபேசியில் வருகிறது, கம்ப்யூட்டரில் இல்லை என்றால் ஒரு லேன் ஒயரை எடுத்து நேராகப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். ஒயரில் வந்தால் குற்றவாளி வைஃபை. அதில் பெரும்பாலும் இடம்தான் பிரச்சினை. பெட்டி அழகாக இல்லை என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் என்ன செய்யும்? 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டிகளோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் இடித்துக்கொள்ளும். தோட்டத்து வீட்டுக்கு இரண்டாவதே மேல். பக்கத்து வீடே அரை மைலுக்கு அப்பால்தான்.

ஒயரிலும் வரவில்லை என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டர் தனக்கு என்ன முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது என்று நெட்வொர்க் விவரத்தில் பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் பெட்டி அதற்கு முகவரி கொடுத்திருக்கிறது, பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் கொடுப்பது அப்படித்தான். 169.254 என்று தொடங்கினால் பெட்டியிடம் கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல், விண்டோஸ் தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்த பிறகு பிரவுசரை மாற்றுவதும் ஆன்டிவைரஸைத் திட்டுவதும் வீண். ஒயர், சொருகும் இடம், பெட்டி, இந்த மூன்றுக்குள்தான் பழுது.

அதற்கு மேல் போக, ஓர் எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) என்ற பழைய கட்டளை போதும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அதன் ஆங்கிலப் பெயரைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.1 என்று கொடுங்கள் (உங்கள் பெட்டியின் எண் வேறாக இருந்தால் அதை). பதில் வந்தால் பெட்டி வரை சரி. அடுத்து 8.8.8.8. அது கூகுள் 2009 டிசம்பரிலிருந்து பொதுவில் வைத்திருக்கும் டி.என்.எஸ். சர்வரின் எண். அங்கிருந்தும் பதில் வருகிறது, ஆனால் எந்த இணையதளத்தையும் பெயர் சொல்லித் திறக்க முடியவில்லை என்றால், நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். வேலைதான் நின்றிருக்கிறது. ஆளின் பெயர் தெரியும், போன் நம்பர் எழுதிய நோட்டைக் காணோம் என்கிற நிலை. நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதினால் பல சமயம் அப்போதே உயிர் வரும். மூன்றே தட்டல், மூன்று மடையும் பார்த்தாகிவிட்டது.

இத்தனையும் சரியாக இருந்தும் எதுவும் திறக்காத ஒரு கம்ப்யூட்டரை கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் பார்த்தேன். எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைரஸ் புகுந்துவிட்டது என்று யாரோ சொல்லி, விண்டோஸை மறுபடி ஏற்ற நாள் குறித்திருந்தார். நான் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது திரையின் மூலையில் இருந்த தேதி: 2012 ஜனவரி 1. இணையதளம் ஒவ்வொன்றும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அதற்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. 2020 செப்டம்பருக்குப் பிறகு வழங்கப்பட்டவற்றில் 398 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள எதையும் முக்கிய பிரவுசர்கள் ஏற்பதில்லை. 2012இல் வாழ்ந்துகொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு உலகத்தில் உள்ள அத்தனை சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. அது ஏமாற்று என்று சொன்னதில் தப்பே இல்லை.

கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். சி.ஆர்.2032, குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், அதுதான் அந்த எண்ணின் பொருள். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது, மீட்டரில் இரண்டைக்கூட எட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பிளக்கில் மாட்டிவைத்தால் அணைத்திருந்தாலும் கடிகாரம் மின்சாரத்திலேயே ஓடும். ஆசிரியரோ இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி மெயின் சுவிட்சையே அணைப்பவர். வருடக்கணக்காக ராத்திரி நேரத்தையெல்லாம் அந்தச் சின்ன பேட்டரியே சுமந்திருக்கிறது. புதியதைப் போட்டு, தேதியைச் சரிசெய்ததும் பேரனின் பள்ளிக்கூடப் பக்கம் திறந்தது. விண்டோஸ் ஏற்ற வருவதாக இருந்தவரிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குக் கொள்ளு ரசத்தோடு சாப்பாடு போட்டார்.

இனி மெயில். நெட் வேறு, மெயில் வேறு என்பதை மாமா உட்பட யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. மற்ற பக்கங்கள் திறக்கின்றன, மெயில் மட்டும் வரவில்லை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. அதிலும் 'வரவில்லை' வேறு, 'போகவில்லை' வேறு. மெயிலை அனுப்பும் எஸ்.எம்.டி.பி. என்ற முறை 1982இல் வகுக்கப்பட்டது. வந்ததை எடுத்துப் படிப்பதற்கு பாப், ஐமேப் என்று தனி முறைகள். தபால்பெட்டியில் போடுவதும் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பதும் ஒரே ஆள் வேலை அல்லவே. ஆகவே வரும், போகாது என்பது நடக்கக்கூடியதுதான். பழைய அமைப்பில் அனுப்பும் வாசல் (போர்ட்) 25 என்று இருந்தால், ஸ்பேமுக்குப் பயந்து இணைய நிறுவனங்கள் பலவும் அந்த வாசலை அடைத்து வைத்திருக்கும். 587 அல்லது 465 என்று மாற்ற வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தப்பு தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பழைய மெயில் மென்பொருள்கள் இன்னொரு ரகம். வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்டு உள்ளே நுழையும் மென்பொருள்களுக்கு ஜிமெயில் 2022 மே 30 முதல் கதவை மூடத் தொடங்கியது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கென்றே 16 எழுத்தில் ஒரு தனி பாஸ்வேர்டு வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். இது தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி, கடைசியில் எது சரியான பாஸ்வேர்டு என்று தனக்கே தெரியாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் தகராறு செய்தால் முதலில் பிரவுசரில் போய் மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கணக்கு நலம், மென்பொருள்தான் நோயாளி.

'மெயில் காணாமல் போகிறது' என்பது இவை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது. திருப்பூரில் வீட்டோடு சேர்ந்த சின்ன செக்‌ஷனில் தையல் ஜாப் வொர்க் செய்யும் ஓர் அப்பாவும் மகனும் இதற்காகப் பேச்சுவார்த்தையே நிறுத்தியிருந்தார்கள். பையர் (துணி வாங்கும் கம்பெனிக்காரர்) அனுப்பிய மெயில் தனக்கு வரவேயில்லை என்கிறான் மகன். நான் காலையிலேயே படித்தேன், நீ அழித்துவிட்டாய் என்கிறார் அப்பா. இருவருக்கும் ஒரே மெயில் முகவரி. செக்‌ஷனில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் பாப் முறை. அது சர்வரில் இருக்கும் மெயிலை இறக்கிக்கொண்டு, 'பிரதி இருக்கட்டும்' என்று நாம் தனியாகச் சொல்லியிருக்காவிட்டால் சர்வரில் அழித்துவிடும். வீட்டு மாடியில் மகனுடைய லேப்டாப்பில் ஐமேப் முறை. அது சர்வரில் இருப்பதை அப்படியே காட்டும், இல்லாததைக் காட்டாது. அப்பா காலை ஆறு மணிக்கு கம்ப்யூட்டரைப் போட்டதும் ராத்திரி வந்த மெயில் அனைத்தையும் அது வாரி விழுங்கிவிடுகிறது. எட்டு மணிக்கு எழும் மகனுக்குக் காலி இன்பாக்ஸ். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஒரே ஒரு டிக் போட்டு, பிறகு அதையும் ஐமேப்புக்கு மாற்றியதும் சரியாயிற்று. மகனுக்குச் சீக்கிரம் எழும் பழக்கம் வேண்டும் என்ற அப்பாவின் தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அனுப்பிய மெயில் திரும்பி வந்தால், அதில் இருக்கும் ஆங்கிலக் குவியலைப் பார்த்துப் பயந்து அழிக்காதீர்கள். உள்ளே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும், நீங்கள் சும்மா இருக்கலாம். 5இல் தொடங்கினால் இனி முயன்று பயனில்லை. 550 வந்தால் பெரும்பாலும் முகவரியில் எழுத்துப்பிழை அல்லது அப்படி ஒருவர் அங்கே இல்லை. 552 என்றால் இடமில்லை. அவருடைய மெயில் பெட்டி நிரம்பியிருக்கும், அல்லது அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கும். இந்தப் பெரியது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோப்பு மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். பத்து எம்.பி. வரை ஏற்கும் கம்பெனி மெயிலுக்கு எட்டு எம்.பி. கோப்பு ஒன்றை அனுப்பினால், அங்கே போய்ச் சேரும்போது அது பத்தரையைத் தாண்டியிருக்கும்.

நிரம்பும் பெட்டி நம்முடையதாகவும் இருக்கலாம். ஜிமெயில் கணக்குக்குக் கிடைக்கும் இலவச இடம் 15 ஜி.பி. அது மெயிலுக்கு மட்டும் அல்ல. டிரைவுக்கும் போட்டோக்களுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. பேத்தியின் காதுகுத்து வீடியோ முழுவதும் கைபேசியிலிருந்து தானாக ஏறி இடத்தை அடைத்துக்கொள்ள, வெளிநாட்டுப் பையரின் மெயில் வாசலிலேயே திரும்பிப் போகும். நெட் பிரமாதமாக வந்துகொண்டிருக்கும். ஸ்பேம் பெட்டியையும் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், 30 நாள் ஆனால் அதில் இருப்பது தானே அழிந்துவிடும். குறிப்பிட்ட ஒருவரின் மெயில் மட்டும் தொடர்ந்து காணவில்லை என்றால் அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். நீங்கள் வைக்காத விதி அங்கே இருந்தால் கணக்கில் வேறு யாரோ நுழைந்திருக்கிறார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக வரும் எந்த மெயிலையும் போனில் கேட்காமல் நம்பாதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள்.

மாமாவின் தோட்டத்துக்குப் பத்து மணிக்குக் கேபிள்காரர் வந்தார். வேலியோரம் மூன்றாவது வெள்வேல மரத்தில், கட்டிய கயிறு இறுகி, கேபிள் முழங்கை மாதிரி மடிந்திருந்ததாம். கயிற்றை அவிழ்த்து, அந்தத் துண்டை வெட்டி ஒட்டினார். சிவப்பு அணைந்தது. நெட் வரவில்லை. எனக்குப் போன் வந்தது. ரீசெட் செய்த விஷயத்தை மாமா அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கேபிள்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் தன் அலுவலகத்துக்கு அழைத்துப் பயனர் பெயரைக் கேட்டு, பெட்டிக்குள் எழுதி முடிக்கும்போது மணி பதினொன்றே கால். கரூரிலிருந்து வந்த டிசைன் இன்பாக்ஸில் இருந்தது, ராத்திரி ஒன்பது மணிக்கே வந்து காத்திருந்தது.

வேலை முடிந்ததும் அத்தை ஊக்கைக் கேட்டு வாங்கிச் சேலையில் குத்திக்கொண்டாராம்.